ஹேவ்லாக்கில் இரண்டு ராத்திரி, நீலில் இரண்டு ராத்திரி

தை பிறந்தால் நம் ஜனங்கள் வீட்டில் கல்யாணம் ஆரம்பித்துவிடும். முகூர்த்தம் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ, ரிசப்ஷன் லக்னோவிலோ டெல்லியிலோ, அது முடிந்த கையோடு தேனிலவு. எங்கள் காலத்தில் ஊட்டி, கொடைக்கானல். கையில் கொஞ்சம் காசு இருந்தால் சிம்லா. இப்போது பிள்ளைகள் தீவு என்கிறார்கள். அதிலும் ஒரு தீவு போதாதாம், இரண்டு வேண்டுமாம்.

நான் எல்.எஃப்.சி. போட்டுக் குடும்பத்தோடு அந்தமான் போய்வந்தவன். அதனால் இங்கே லக்னோவில் நம் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம் நிச்சயமானால் கேள்வி என்னிடம் வரும். "அங்கிள், ஹேவ்லாக்கில் எத்தனை நாள், நீலில் எத்தனை நாள்? நீலை விட்டுடலாமா?"

முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு என் கதைக்கு வருகிறேன்.

நீலை விடாதீர்கள். இரண்டு தீவிலும் இரண்டிரண்டு ராத்திரி, போக வர போர்ட் பிளேரில் ஒவ்வொரு ராத்திரி, ஆக மொத்தம் ஆறு. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. (கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். புதுத் தம்பதிக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.) போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் சுமார் 40 கிலோமீட்டர். தனியார் வேகப்படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூட. ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் வந்துவிடுவது நல்லது. டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்காரன் சொல்கிறேன், தீவில் ஏ.டி.எம்.மையும் நெட்வொர்க்கையும் முழுக்க நம்பக்கூடாது.

பயணத் திட்டம் அவ்வளவுதான். இனி என் கதை.

இந்த இரண்டு பெயர் இருக்கிறதே, ஹேவ்லாக், நீல், இரண்டும் மனிதர்களின் பெயர். இரண்டு பேரும் 1857ல் செத்தார்கள். இரண்டு பேரும் நான் இப்போது குடியிருக்கும் இந்த லக்னோவில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு நம்ம மெட்ராஸோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இருபத்துமூன்று வருஷம் புரமோஷன் இல்லாதவர்

ஹென்றி ஹேவ்லாக் 1795ல் இங்கிலாந்தில் சண்டர்லாந்து பக்கம் பிறந்தவர். 1815ல் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்து வாங்குவார்கள். கேப்டன் பதவிக்கு இவ்வளவு, மேஜருக்கு இவ்வளவு என்று விலையே உண்டு. ஹேவ்லாக்கிடம் காசில்லை. கேப்டன் ஆக இருபத்துமூன்று வருஷம் ஆயிற்று. ஸ்கேல் ஒன்றிலேயே கிடந்து, நேற்று வந்த பையன்களெல்லாம் தனக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபீசர்களை நமக்குத் தெரியும் அல்லவா? அந்த ஜாதி. பர்மா, ஆப்கானிஸ்தான், பஞ்சாப் என்று எல்லாச் சண்டைக்கும் போனார். கல்கத்தா பக்கம் செராம்பூரில் இருந்த பாதிரியார் மார்ஷ்மேனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். சிப்பாய்களுக்குப் பைபிள் வகுப்பு எடுப்பார். 1857ல் கலகம் வெடித்தபோது அவருக்கு 62 வயது.

ஜேம்ஸ் நீல் வேறு ரகம். 1810ல் ஸ்காட்லாந்தில் அயர் பக்கம் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பட்டாளத்தில் இருந்த மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ் படைப்பிரிவுக்குத் தலைவர். (பெயரில்தான் மெட்ராஸ். வீரர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்.) 1857 மே மாதம் சென்னையில் கப்பலேறிக் கல்கத்தா போய் இறங்கினார். ஹௌராவில் தன் ஆட்கள் வந்து சேருவதற்குள் ரயிலை எடுத்துவிடுவோம் என்ற ரயில்வேக்காரர்களைக் காவலில் வைத்து ரயிலை நிறுத்திய ஆள் அவர். ஆக, நம்மைப் போல மெட்ராஸிலிருந்து உ.பி.க்கு மாற்றலாகி வந்தவர்தான். வந்து செய்த வேலைதான் வேறு.

காசியிலிருந்து பிரயாகை வரை

நம் பெரியவர்கள் காசிக்குப் போய், அங்கிருந்து பிரயாகை போய், திரிவேணியில் முழுகிவிட்டு ராமேஸ்வரம் திரும்புவார்கள். நீல் 1857 ஜூனில் போனது அதே காசி, பிரயாகை பாதைதான். ஜூன் தொடக்கத்தில் காசியில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறிக்கப் போய் அது சண்டையாகி, பிறகு தூக்குமரங்கள் முளைத்தன. அடுத்த வாரம் அலகாபாத். ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். கலகத்தில் சம்பந்தம் இருந்ததா இல்லையா என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கான்பூருக்கு முன்னால் அனுப்பிய படை, ஜி.டி. ரோடு ஓரத்து மரங்களில் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டே போனது. இதெல்லாம் நம்மவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. வெள்ளைக்காரர்களே தங்கள் கடிதங்களிலும் புத்தகங்களிலும் எழுதி வைத்தது.

ஜூலை 15ந் தேதி கான்பூரில் பீபீகர் என்ற வீட்டில் அடைத்துவைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். அதுவும் மன்னிக்க முடியாத கொடுமை. அதை மறைத்துவிட்டு நீலை மட்டும் பேசினால் நியாயமாகாது. அதே சமயம், காசியிலும் அலகாபாத்திலும் நடந்தது பீபீகருக்கு முன்னால் என்பதையும் தேதி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீல் பழிவாங்கத்தான் அப்படி ஆனார் என்பவர்களுக்கு இந்தத் தேதிகளே பதில்.

பீபீகருக்குப் பிறகு கான்பூரில் நீல் போட்ட உத்தரவு இது. பிடிபட்ட கைதிகள் தூக்குக்கு முன்னால் அந்த வீட்டுத் தரையின் ரத்தக் கறையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜாதி, மதம் கெட்டுச் சாக வேண்டும் என்பதுதான் நோக்கம். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. நாக்கால் நக்க வைத்ததும் நடந்தது.

இருவருக்கும் ஆகவே ஆகாது

புதுத் தம்பதிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே டிக்கெட்டில் அடுத்தடுத்துப் போகும் இந்த இரண்டு தீவின் பெயர்க்காரர்களுக்கும் ஆகவே ஆகாது.

ஹேவ்லாக் ஜூலை 17ல் கான்பூருக்குள் நுழைந்தார். மூன்று நாள் கழித்து நீல் வந்தார். வந்த அன்றே ஹேவ்லாக் அவரிடம், நான் இங்கே இருக்கும்வரை நீங்கள் ஒரு உத்தரவும் போடக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறகு லக்னோவை மீட்க ஹேவ்லாக் கங்கையைக் கடந்தார். வழியில் காலரா, ஆள் பற்றாக்குறை. பின்வாங்க வேண்டியதாயிற்று. உடனே நீல், ஏன் திரும்பினீர்கள், முன்னேறிப் போங்கள் என்று மேலதிகாரிக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதினார். ஹேவ்லாக்குக்கு வந்ததே கோபம். இந்தச் சமயத்தில் உங்களைக் கைது செய்தால் படைக்கு நஷ்டம் என்பதால்தான் விடுகிறேன் என்கிற தோரணையில் பதில் போனது. ஆபீசில் மெமோ வாங்கியவர்களுக்கு அந்தப் பாஷை நன்றாகப் புரியும்.

செப்டம்பர் 25ந் தேதி இருவரும் ஒன்றாக லக்னோவுக்குள் நுழைந்தார்கள். கைசர்பாக் பக்கம் ஷேர் தர்வாஸா வளைவுக்கு அருகே குதிரைமேல் இருந்த நீலைக் குண்டு சாய்த்தது. ரெசிடென்ஸி வளாகத்துச் சமாதித் தோட்டத்தில் புதைத்தார்கள். ஹேவ்லாக் ரெசிடென்ஸிக்குள் போய் அங்கேயே முற்றுகையில் மாட்டிக்கொண்டார். நவம்பரில் இன்னொரு படை வந்து மீட்டது. மீட்ட சில நாளில், நவம்பர் 24ல், வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஆலம்பாக்கில் அடக்கம்.

இருபத்துமூன்று வருஷம் ஒரு புரமோஷன் கொடுக்காத நாடு, அவருக்குப் பரம்பரைப் பட்டம் அறிவித்தது. அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. சேதி இங்கிலாந்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆலம்பாக் இப்போது பஸ் ஸ்டாண்டும் மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கும் நெரிசலான இடம். சந்தர் நகரில் ஒரு தோட்டத்துக்குள் ஹேவ்லாக் சமாதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "அந்தமான் ஹேவ்லாக்கா அப்பா இது?" என்று என் பெண் கேட்டாள். அந்த ஹேவ்லாக்கேதான். (ராஜமுந்திரி கோதாவரிப் பாலத்து ஹேவ்லாக் வேறு. அவர் பிற்பாடு மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மவுண்ட் ரோடில் நின்ற நீல்

ஹேவ்லாக்குக்கு லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் சிலை வைத்தார்கள். நீலுக்கு எங்கே தெரியுமா? மெட்ராஸில். மவுண்ட் ரோடில், ஸ்பென்சர் பக்கம். மெட்ராஸ் பட்டாளத்து ஆள் அல்லவா, அந்தப் பாசம். அறுபது, எழுபது வருஷம் அந்தச் சிலையைத் தாண்டித்தான் நம் தாத்தாக்கள் போய்வந்தார்கள்.

1927ல் அதை எடுக்கச் சொல்லிப் போராட்டம் ஆரம்பித்தது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னால் நின்றார். தொண்டர்கள் சுத்தியலோடு சிலையிடம் போவார்கள், போலீஸ் பிடிக்கும், ஜெயிலுக்கு அனுப்பும், மறுநாள் வேறு தொண்டர்கள் வருவார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் சின்னப் பெண்ணாக இருந்த தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சிறை போனார். அப்போது 24 வயதான காமராஜும் இந்தப் போராட்டத்தில் இருந்தார். மகாத்மா காந்தி அகிம்சையை விடாமல் செய்யுங்கள் என்று ஆதரவு கொடுத்தார். சைமன் கமிஷன் விவகாரம் பெரிதானதும் இது பின்னுக்குப் போய்விட்டது. பத்து வருஷம் கழித்து, 1937ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை இறங்கியது. கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது.

நான் யோசிப்பது இதைத்தான். காசியிலும் அலகாபாத்திலும் செத்தவர்கள் நம் உறவுக்காரர்கள் இல்லை. நம் பாஷை பேசியவர்கள் இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ வடக்கே நடந்ததற்காகக் கடலூர்ப் பெண்மணி ஒருவர் பிள்ளையோடு ஜெயிலுக்குப் போயிருக்கிறார். இங்கே என் உ.பி. நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. சொல்லிக் கொடுங்கள்.

மெட்ராஸில் சிலை இறங்கிவிட்டது. தீவின் பெயர் மட்டும் இன்னும் எண்பத்தோரு வருஷம் நின்றது.

தீவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது

1858 மார்ச்சில் வெள்ளைக்காரர்கள் லக்னோவைத் திரும்பப் பிடித்தார்கள். அதே மார்ச், 10ந் தேதி, டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். அவர் ஆக்ராவில் ஜெயில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர். கலகக் கைதிகளைத் தீவாந்தரம் அனுப்பும் ஏற்பாடு இப்படித் தொடங்கியது. பின்னால் இந்தப் பக்கத்து சீதாப்பூர் ஜில்லா கைராபாதைச் சேர்ந்த ஃபஸ்லே ஹக் என்ற பெரிய அறிஞரும் அனுப்பப்பட்டு, 1861ல் அங்கேயே இறந்தார். கலகத்தைப் பற்றி அரபியில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாம் பார்க்கப் போகும் செல்லுலார் ஜெயில் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் 1896ல் ஆரம்பித்து 1906ல் முடித்த கட்டிடம்.

போர்ட் பிளேருக்குக் கிழக்கே இருக்கும் தீவுக்கூட்டத்துக்கு, முன்பே வந்து கடலை அளந்த ரிட்சி என்பவரின் பெயர். அதற்குள் இருக்கும் தீவுகளுக்குத்தான் 1857 தளபதிகளின் பெயர்களை வைத்தார்கள். ஹேவ்லாக், நீல் மட்டும் இல்லை. ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ரம், இங்கிலிஸ், நிக்கல்சன், வில்சன், பீல், ஜான்ஸி ராணியை எதிர்த்துச் சண்டை போட்ட ஹியூ ரோஸ், எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். லக்னோ ரெசிடென்ஸிக்குப் போனவர்களுக்கு இதில் பாதிப் பெயர் பரிச்சயமாக இருக்கும். தோற்றவர்களைக் கைதியாக அனுப்பிய கடலில், ஜெயித்தவர்களின் பெயரைத் தீவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். (நீலின் ஆங்கில எழுத்தில் கடைசி 'எல்' ஒன்று வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் நிறையப் பேருக்கு அது யாருடைய பெயர் என்றே தெரியாமல் போயிற்று.)

தீவுகள் அதுவரை காலியாகக் கிடந்தன என்று நினைக்காதீர்கள். அந்தமானியப் பழங்குடிகளில் அக்கர்-பலே என்ற பிரிவினர் இந்த ரிட்சி தீவுகளில் வாழ்ந்தார்கள். வெளியாட்களோடு வந்த நோய்களில் அவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் அந்தப் பிரிவே இல்லாமல் போயிற்று. பெரிய அந்தமானியர்கள் என்று சொல்லப்படும் எல்லாப் பிரிவும் சேர்ந்தே இன்று ஐம்பது, அறுபது பேர்தான். அவர்கள் இந்தத் தீவுகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, அந்தப் பெயரைப் பயண ஏஜெண்ட் கொடுக்கும் தாளில் பார்க்க முடியாது.

ஜப்பான் காலம்

1942 மார்ச் 23ல் ஜப்பான் அந்தமானைப் பிடித்தது. 1943 டிசம்பர் 30ல் நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் (தியாகி), நிகோபாருக்கு ஸ்வராஜ் (சுயராஜ்யம்) என்று பெயர் வைத்தார். ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தீவுகளை நிர்வகிக்க 1944ல் வந்தவர் ஒரு தமிழர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். ராணுவ மருத்துவராக இருந்தவர். நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

பெயருக்குத்தான் அதிகாரம். ஜப்பான்காரர்கள் அவரிடம் கல்வி இலாகாவைத் தவிர ஒன்றையும் கொடுக்கவில்லை. போலீஸ் அவர்கள் கையில். உளவாளி என்று சந்தேகப்பட்டு உள்ளூர் இந்தியர்களைச் சித்திரவதை செய்தார்கள். அந்தமானில் இந்திய சுதந்திர லீக் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங்கே சித்திரவதையில் 1944 ஜனவரி 14ல் இறந்தார். நேதாஜி வந்துபோய் இரண்டே வாரம். அந்த மாதம் 30ந் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். லோகநாதன் உடம்பும் மனசும் நொந்து அந்த வருஷமே தீவை விட்டுப் போனார். பிறகு 1945ல் ஜப்பான்காரர்கள் ரங்கூனைக் காலிசெய்து ஓடியபோது, ஐ.என்.ஏ. வீரர்களை வைத்துக்கொண்டு அந்த ஊரில் கொள்ளை நடக்காமல் காத்தவர் இவர்தான்.

ஹேவ்லாக்கைப் பற்றி எந்த விளம்பரத் தாளிலும் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது. தேனிலவுக்குப் போகிறவர்களிடம் சொல்ல எனக்கும் தயக்கம்தான். 1945 ஆகஸ்ட், போர் முடியும் தறுவாய். போர்ட் பிளேரில் சாப்பாட்டுப் பஞ்சம். வேலைக்கு உதவாதவர்கள் என்று தாங்கள் கருதிய நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பான்காரர்கள் படகில் ஏற்றினார்கள். விவசாயம் செய்ய வேறு தீவுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ராத்திரியில் ஹேவ்லாக் கரைக்கு எதிரே கடலில் தள்ளினார்கள். நீந்தத் தெரியாதவர்கள் அங்கேயே முடிந்தார்கள். தெரிந்தவர்கள் கரையேறினார்கள். கரையில் வீடில்லை, அரிசியில்லை, காடுதான். கரையேறியவர்களும் ஒவ்வொருவராகப் பட்டினியில் செத்தார்கள். பிழைத்து வந்து சாட்சி சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது நாம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் தீவு அதுதான். போகாதே என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போ என்கிறேன்.

கண்ணன் தீவு, ராமன் தீவு

அந்தப் பட்டினித் தீவில் நெல் விளைய வைத்தவர்கள் தளபதியும் இல்லை, தலைவரும் இல்லை. அகதிகள்.

பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு ஓடிவந்த விவசாயக் குடும்பங்களை 1949லிருந்து அரசு அந்தமானுக்கு அனுப்ப ஆரம்பித்தது. 1950களில் ஹேவ்லாக் பக்கம் வந்தார்கள். பிறகு நீல். குடும்பத்துக்குக் கொஞ்சம் தாழ்வான நிலம், கொஞ்சம் மேட்டு நிலம், மாடு, விதை, முன்பணம். மீதியெல்லாம் அவர்கள் கை. காட்டை வெட்டி, அட்டைக்கடியும் மலேரியாவும் தாங்கி, நெல்லும் தென்னையும் பாக்கும் போட்டார்கள்.

அவர்கள் ஊர்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ஹேவ்லாக்கில் கோவிந்தநகர், கிருஷ்ணாநகர், ஷ்யாம்நகர், ராதாநகர். நீலில் ராம்நகர், சீதாப்பூர், பரத்பூர், லட்சுமணபூர். ஒரு தீவு முழுக்கக் கண்ணன், இன்னொரு தீவு முழுக்க ராமாயணம்! வெள்ளைக்காரன் வைத்த பெயரை யாரும் அழிக்கவில்லை. அதற்கு உள்ளே தங்களுக்கு வேண்டிய பெயர்களைப் போட்டு ஊரைக் கட்டிக்கொண்டார்கள். 2004ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய ராதாநகர், அப்படி ஒரு அகதிக் கிராமத்தின் பெயர்தான்.

2011 கணக்கெடுப்பில் ஹேவ்லாக்கில் சுமார் 6,300 பேர், நீலில் சுமார் 3,000 பேர். நீல் பரப்பளவில் ஹேவ்லாக்கில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி போவது அங்கிருந்துதான். சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு நாளில் தீவையே சுற்றிவிடலாம். நடுவில் கத்தரி, வெள்ளரித் தோட்டங்கள். நீலை விடாதீர்கள் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஹேவ்லாக்கில் ரிசார்ட்டுகள்தான் கண்ணில் படும். நீலில் இன்னும் ஊர் தெரியும்.

நாம் தங்கிய இடத்தின் உரிமையாளரின் அப்பா பாரிசால் ஜில்லாவிலிருந்து வந்தவராம். அவர் அம்மா, என் மனைவியிடம் பாஷை தெரியாமலே மீன்குழம்பு பக்குவம் சொல்லிக் கொடுத்தார். ஊரை விட்டு வந்து வேறு ஊரை ஊராக்கிக்கொண்டவர்கள் என்ற வகையில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. நாமாவது டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு வந்தோம், நினைத்தால் திரும்பலாம். அவர்களுக்குத் திரும்ப ஊர் இல்லை.

பெயர் மாறியது

நேதாஜி கொடியேற்றிய 75வது ஆண்டு நாளில், 2018 டிசம்பர் 30ல், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல் ஷஹீத் த்வீப் ஆனது. போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு நேதாஜி பெயரில் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது புதுப் பெயரில் தேடுங்கள். பேச்சில் இன்னும் ஹேவ்லாக், நீல்தான்.

நீல் பெயர் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். அஞ்சலை அம்மாளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். நேதாஜி ஸ்வராஜ் என்றது நிகோபாரை, ஷஹீத் என்றது அந்தமான் முழுவதையும். இந்த இரண்டு குட்டித் தீவுகளை அல்ல. நீலுக்குத் தியாகி என்ற பெயர் வந்தது. ஆனால் 1945ல் கடலில் தள்ளப்பட்டவர்கள் செத்தது பக்கத்தில் ஹேவ்லாக்கில். பெயர் வைக்கும்போது அவர்களை யாராவது நினைத்தார்களா என்று தெரியவில்லை.

அதனால் போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். போர்ட் பிளேரில் ஒரு அரை நாள் ஒதுக்கி ஹம்ஃப்ரேகஞ்ச் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். செல்லுலார் ஜெயில் ஒலி-ஒளிக் காட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். ஹேவ்லாக்கிலும் நீலிலும் தங்கும் இடத்தில் பெரியவர்கள் இருந்தால் எந்த ஜில்லாவிலிருந்து வந்தீர்கள் என்று கேளுங்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார்கள். மூன்றாவது, போர்ட் பிளேரில் தமிழில் பேசிப் பாருங்கள். 2011 கணக்குப்படி அந்தமான் நிகோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தாய்மொழி தமிழ். ஆட்டோக்காரரோ காய்கறிக்கடைக்காரரோ "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டுவிடுவார். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனால் சந்தேகமே வேண்டாம்.

1964 சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில, நிகோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போயின. 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. அங்கே சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். அவர்கள் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். கச்சாலில் உறவினர் யாராவது இருந்தவர்கள் இதைப் படித்தால், தெரிந்ததைச் சொல்லுங்கள்.